என்டபே கடத்தலும் அதைப் பற்றிய தொலைக்காட்சிப் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உகாண்டாவின் என்டபே விமான நிலையத்தில் 1976-ல் ஒரு வாரம் நடந்த பணயக்கைதி நெருக்கடியை வைத்து, அடுத்த ஏழே மாதத்துக்கு உள்ளாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு படங்கள் வந்துவிட்டன. இரண்டில் சிறந்தது 'ரெய்டு ஆன் என்டபே'. அதைப் பார்த்தவர்கள், பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

என்டபேயில் நடந்தது என்ன?

1976 ஜூன் 27, ஞாயிற்றுக்கிழமை. டெல் அவிவிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 139 விமானம் வழியில் ஏதென்ஸில் நின்றது. அங்கே ஏறியவர்களில் நான்கு பேர் கடத்தல்காரர்கள். இருவர் பாலஸ்தீனர்கள், வாடி ஹத்தாத் தலைமையிலான ஆயுதக் குழுவைச் சேர்ந்தவர்கள். மற்ற இருவரும் மேற்கு ஜெர்மனியின் தீவிர இடதுசாரி இயக்கம் ஒன்றிலிருந்து வந்த வில்ஃப்ரீட் போசே, பிரிகிட்டே குல்மான். விமானத்தில் 248 பயணிகளும் 12 ஊழியர்களும் இருந்தார்கள்.

விமானம் முதலில் லிபியாவின் பெங்காசிக்குப் போனது. அங்கே ஒரு பெண் பயணி தனக்குக் கருச்சிதைவு ஆவதுபோல் நடித்து இறங்கித் தப்பினார். மறுநாள் என்டபே. அங்கே இன்னும் சில கூட்டாளிகள் வந்து சேர்ந்துகொண்டார்கள். உகாண்டாவின் அதிபர் இடி அமீனோ அவர்களை விரட்டுவதற்குப் பதில் தன் படையைக் காவலுக்கு நிறுத்தினார். இஸ்ரேல், கென்யா, மேற்கு ஜெர்மனி போன்ற நாடுகளின் சிறைகளில் இருக்கும் 53 பேரை விடுவிக்க வேண்டும், 50 லட்சம் டாலரும் தர வேண்டும் என்பது கோரிக்கை. அந்த 53 பேரில் 40 பேர் இஸ்ரேலியச் சிறைகளில் இருந்தவர்கள்.

ஜூன் 30, ஜூலை 1 ஆகிய இரண்டு நாளில் ஏறக்குறைய 150 பேரை விட்டுவிட்டார்கள். மிஞ்சியவர்கள் 106 பேர். ஜூலை 3 நள்ளிரவில் நான்கு ஹெர்குலிஸ் ராணுவச் சரக்கு விமானங்களில் இஸ்ரேலியக் கமாண்டோக்கள் சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து வந்து, ஒன்றரை மணி நேரத்தில் 102 பேரை மீட்டுக்கொண்டு கிளம்பினார்கள். மற்ற நான்கு பேரைப் பற்றிக் கீழே வருகிறது.

இதைப் பற்றி மொத்தம் எத்தனை படங்கள்? எதை முதலில் பார்ப்பது?

ஏபிசி தொலைக்காட்சியில் 1976 டிசம்பர் 13 அன்று வந்தது 'விக்டரி அட் என்டபே'. என்பிசியில் 1977 ஜனவரி 9 அன்று வந்தது 'ரெய்டு ஆன் என்டபே'. அதே 1977-ல் இஸ்ரேலில் மெனகெம் கோலன் 'ஆபரேஷன் தண்டர்போல்ட்' என்று திரையரங்குக்கான படம் ஒன்றை எடுத்தார்; அது சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் போட்டி வரை போனது. பிறகு 2018-ல் பிரேசில் இயக்குநர் ஜோசே பதில்யா மறுபடி எடுத்தார்.

முதலில் 'ரெய்டு' பாருங்கள். இயக்குநர் இர்வின் கெர்ஷ்னர். மூன்றே வருடம் கழித்து ஸ்டார் வார்ஸ் வரிசையின் இரண்டாம் படத்தை இயக்கியவர் இவர்தான். பறந்து போய்ச் சுடுவதை மட்டும் காட்டினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. படத்தின் பெரும்பகுதி இரண்டு அறைகளுக்குள் நடக்கிறது: ஒன்று பணயக்கைதிகள் கிடக்கும் பழைய முனையக் கூடம், இன்னொன்று இஸ்ரேல் அமைச்சரவை கூடும் அறை. அந்த இரண்டு அறைகளிலும் காத்திருக்கும் மனிதர்களின் முகங்களைப் பொறுமையாகக் காட்டுவதால்தான் கடைசியில் விமானங்கள் இறங்கும்போது நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

'விக்டரி'யில் நட்சத்திரப் பட்டாளமே இருக்கிறது: எலிசபெத் டெய்லர், கிர்க் டக்ளஸ், பர்ட் லங்காஸ்டர், ரிச்சர்ட் டிரைஃபஸ். இஸ்ரேலியப் பிரதமர் இட்சாக் ராபினாக அந்தோணி ஹாப்கின்ஸ். ஆனால் வேகத்துக்காக வீடியோ டேப்பில் எடுத்ததால் எங்கே பார்த்தாலும் ஸ்டுடியோ அரங்கின் வெளிச்சம். கமாண்டோ தலைவராக டிரைஃபஸ் வரும்போது நமக்கு டிரைஃபஸ்தான் தெரிகிறார். இயக்குநர் மார்வின் சோம்ஸ்கி திறமையானவர், அடுத்த வருடங்களில் மிக நல்ல தொடர்களைத் தந்தவர். இங்கே அவருக்கு நேரம் போதவில்லை.

அப்படி என்ன அவசரம்?

மீட்பு முடிந்து விமானங்கள் திரும்பிய நாள் 1976 ஜூலை 4. அன்றைக்குத்தான் அமெரிக்கா தன் 200-வது சுதந்திர தினத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. வியட்நாம் போரும் வாட்டர்கேட் அரசியல் ஊழலும் விட்டுப்போன மனச்சோர்வு இன்னும் ஆறவில்லை. அந்தக் காலையில், எங்கோ நூறு பேரைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள் என்ற செய்தி அங்கே எவ்வளவு பெரிதாகக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எழுபதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் வாரம் தவறாமல் தாங்களே படம் எடுத்து ஒளிபரப்பிய காலம் வேறு. யார் முந்துவது என்ற ஓட்டத்தில் ஏபிசி ஜெயித்தது, நான்கு வார வித்தியாசத்தில்.

அந்த ஓட்டத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 'விக்டரி'யில் இடி அமீனாக நடிக்க வந்த காட்ஃப்ரி கேம்பிரிட்ஜ் படப்பிடிப்புத் தளத்திலேயே மாரடைப்பில் இறந்தார். அப்போது நவம்பர் கடைசி. ஒளிபரப்புக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஜூலியஸ் ஹாரிஸ் வந்து அந்த வேடத்தைச் செய்து முடித்தார்.

இந்த அவசரத்தில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் வேறு. படங்கள் எடுக்கப்பட்டபோது நடந்த கதையே முடிந்திருக்கவில்லை. டோரா பிளாக் என்ற பணயக்கைதியைப் பற்றிக் கீழே வரும் பதிலில் இது புரியும்.

'ரெய்டு' எந்த அளவுக்கு உண்மை?

எலும்புக்கூடு முழுவதும் உண்மை. தேதிகள், கெடுக்கள், பறந்த வழி, பிரதமர் ராபினுக்கும் பாதுகாப்பு அமைச்சர் ஷிமோன் பெரஸுக்கும் இருந்த இழுபறி எல்லாம் நடந்தவை. ராணுவ வழி கிடைக்காவிட்டால் கைதிகளை விடுவிக்கப் பேசத்தான் வேண்டும் என்று ராபின் அமைச்சரவையில் ஒப்புதல் வாங்கியதும் உண்மை. பிடிபட்டவர்களின் குடும்பங்கள் அவரை நெருக்கிக்கொண்டிருந்தன. பீட்டர் ஃபின்ச் அந்த ராபினை ஒரு களைத்த மனிதராக நடித்திருக்கிறார். வீரவசனம் எதுவும் கிடையாது. சிகரெட்டும் தூக்கமில்லாத கண்களும்தான்.

கடத்தல்காரர்கள் வைத்த கெடு ஜூலை 1-லிருந்து ஜூலை 4-க்குத் தள்ளிப்போனதில்தான் எல்லாம் நின்றது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் தலைவராக இருந்த அமீன், அந்தப் பொறுப்பை ஒப்படைக்க மொரீஷியஸ் போக வேண்டியிருந்தது. இஸ்ரேலும் பேச்சுக்கு இறங்கி வந்தது. அந்த மூன்று நாள் கிடைத்திருக்காவிட்டால் திட்டமே உருவாகியிருக்காது.

திட்டம் உருவான விதத்திலும் படம் பெரிதாகக் கற்பனை கலக்கவில்லை. விடுவிக்கப்பட்டு பாரிஸ் வந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள்: எத்தனை பேர், எந்த மூலையில் நிற்கிறார்கள், என்ன ஆயுதம், கதவு எந்தப் பக்கம் திறக்கும்? பழைய முனையத்தைக் கட்டியது ஓர் இஸ்ரேலிய நிறுவனம் என்பதால் கட்டடத்தைப் பற்றிய விவரமும் கிடைத்தது. அமைச்சரவை கடைசி ஒப்புதல் தருவதற்கு முன்பே விமானங்கள் கிளம்பிவிட்டன; வேண்டாம் என்றால் பாதி வழியில் திரும்பிவிடலாம் என்ற கணக்கு.

பணயக்கைதிகளை யூதர், யூதரல்லாதவர் என்று பிரித்தார்களா?

அதிகம் விவாதிக்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாளுக்குப் பிறகு போசே ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பெயர்களைப் படித்தார். பெயர் வந்தவர்கள் சுவரை உடைத்து உண்டாக்கிய ஒரு வழியாகப் பக்கத்து அறைக்குப் போக வேண்டும். ஜெர்மன் உச்சரிப்பில் யூதப் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுவதை, நாஜி முகாம்களிலிருந்து உயிர்தப்பி வந்த சிலர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் கையில் பச்சைகுத்தப்பட்ட முகாம் எண்ணைப் போசேயிடம் காட்டியதாகவும், தான் நாஜி இல்லை என்று போசே பதறிச் சொன்னதாகவும் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் பட்டியல் எதன் அடிப்படையில்? இஸ்ரேலியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள்தான் முதன்மையாகப் பிரிக்கப்பட்டார்கள். இஸ்ரேலியர் அல்லாத யூதர்கள் சிலரும் அந்தப் பக்கம் தள்ளப்பட்டார்கள். அதே சமயம் யூதர்கள் பலர் மற்றவர்களோடு விடுவிக்கப்பட்டார்கள். மீண்டு வந்தவர்களிலேயே சிலர், 'அது நாட்டை வைத்துப் பிரித்தது, இனத்தை வைத்து அல்ல' என்று பல வருடம் கழித்து அழுத்திச் சொன்னார்கள். வேறு சிலர், அந்த அறையில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லை என்றார்கள். படம் இதை யூதர், யூதரல்லாதவர் என்று எளிமையாக்கிவிட்டது. தகவலாக அது துல்லியமில்லை. ஆனால் ஹார்ஸ்ட் புக்ஹோல்ஸ் நடித்த போசேயின் முகத்தில் தெரியும் சங்கடம், தான் யாராக நிற்கிறோம் என்று அந்த ஆளுக்கே சந்தேகம் வரும் அந்த நொடி, உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

விமானி நிஜமாகவே போக மறுத்தாரா?

ஆமாம். கேப்டன் மிஷல் பாகோஸ். பிரெஞ்சுக்காரர்களை விடுவித்தபோது அவரும் ஊழியர்களும் வீட்டுக்குப் போயிருக்கலாம். பயணிகள் தன் பொறுப்பு, கடைசிப் பயணி வரைக்கும் இருப்பேன் என்றார் அவர். ஊழியர் பன்னிரண்டு பேரும் தங்கினார்கள். பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி ஒருவரும் வேறொருவருக்குப் பதிலாக நான் இருக்கிறேன் என்று கேட்டார். அவரை மட்டும் வலுக்கட்டாயமாக அனுப்பிவிட்டார்கள்.

பாகோஸாக எடி கான்ஸ்டன்டைன் நடித்திருக்கிறார். எனக்கு இந்த மனிதருக்கு இன்னும் அதிக நேரம் தந்திருக்கலாம் என்றே தோன்றும். துப்பாக்கியோடு வந்தவர்களைப் பற்றி உலகம் ஐம்பது வருடமாகப் பேசுகிறது. துப்பாக்கி இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. பாகோஸ் 2019 மார்ச்சில் நீஸ் நகரில் காலமானார்.

இடி அமீன் அப்படித்தான் சிரித்துச் சிரித்துப் பேசினாரா?

பேசினார். பணயக்கைதிகளைப் பார்க்கப் பலமுறை வந்தார், 'ஷாலோம்' என்று வணக்கம் சொன்னார், நான்தான் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றார். முன்பு இஸ்ரேலில் பாராசூட் பயிற்சி பெற்றவர், அந்தச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டவர். 1972-ல் 90 நாள் கெடு வைத்து இந்திய வம்சாவளியினரை நாட்டைவிட்டு விரட்டியவரும் இவர்தான்.

யாபெட் கோட்டோவின் நடிப்பில் எனக்குப் பிடித்தது, அவர் கோமாளியாக நடிக்கவில்லை. முதலில் நமக்கும் சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரத்தில், இந்தச் சிரிப்பு எந்த நிமிடமும் நின்றுபோகலாம் என்று வயிறு கலங்குகிறது. கூடத்தில் இருந்தவர்கள் அனுபவித்ததும் அதுதானே. இந்த வேடத்துக்காக அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

கறுப்பு மெர்சிடிஸ் கார் கதையா, நிஜமா?

நிஜம். முதல் ஹெர்குலிஸிலிருந்து ஒரு கறுப்பு மெர்சிடிஸும் இரண்டு லேண்ட் ரோவர்களும் இறங்கின. அமீனின் வாகன வரிசை என்று காவலர்கள் நம்ப வேண்டும் என்பது திட்டம். ஆனால் முனையத்துக்குச் சற்று முன்பாக உகாண்டா காவலர்கள் இருவர் துப்பாக்கியை உயர்த்த, கமாண்டோக்கள் சுட்டுவிட்டார்கள், சத்தம் கேட்டுவிட்டது. அமீன் அப்போது வெள்ளைக் காருக்கு மாறியிருந்ததால்தான் காவலர்களுக்குச் சந்தேகம் வந்தது என்பார்கள். இல்லை, அது அவர்கள் வழக்கமாகச் செய்யும் சைகைதான், சுட்டிருக்கவே வேண்டாம் என்று அந்தக் குழுவில் இருந்த மூத்த அதிகாரி ஒருவரே பின்னாளில் சொன்னார். கமாண்டோ தலைவர் யோனாதன் நெதன்யாஹு கட்டடத்துக்கு வெளியே குண்டடிபட்டு இறந்தார். அவருக்கு வயது 30. சுட்டது யார் என்பதிலும் ஒரே பதில் கிடையாது. இந்தச் சர்ச்சைகள் பல வருடம் ஓடின. 1977 ஜனவரியில் வந்த படத்துக்கு இவை எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அதில் எல்லாம் நேர்க்கோட்டில் போகிறது.

டோரா பிளாக் யார்? படம் அவரை ஏன் பாதியில் விட்டுவிடுகிறது?

74 வயதுப் பெண்மணி. இன்னொரு மகனின் கல்யாணத்துக்காக நியூயார்க் போவதற்கு ஒரு மகனோடு அந்த விமானத்தில் வந்தவர். பிரிட்டிஷ் குடியுரிமையும் இருந்தது. கூடத்தில் சாப்பிடும்போது உணவு தொண்டையில் சிக்கிக்கொள்ள, அவரைக் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதனால் கமாண்டோக்கள் வந்த இரவில் அவர் என்டபேயில் இல்லை. எல்லோரும் கிளம்பினார்கள், மகனும் கிளம்ப வேண்டியதாயிற்று. அவர் மட்டும் படுக்கையில்.

மறுநாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவர் போய் அவரைப் பார்த்தார். ஏதாவது சாப்பிடக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வந்தபோது உள்ளே விடவில்லை. அமீனின் ஆட்கள் அந்த மூதாட்டியை மருத்துவமனையிலிருந்து இழுத்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள். அப்போது உகாண்டாவின் சுகாதார அமைச்சராக இருந்த ஹென்றி கயெம்பா, நாட்டைவிட்டுத் தப்பிய பிறகு இதை வெளியே சொன்னார். உகாண்டா அரசோ, மீட்புக்கு முன்பே அவரை விமான நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று சாதித்தது. பிரிட்டன் அதே ஜூலை மாதக் கடைசியில் உகாண்டாவுடனான தூதரக உறவை முறித்துக்கொண்டது.

படங்கள் ஒளிபரப்பானபோது அவருடைய உடல் கிடைத்திருக்கவில்லை. 1979-ல் அமீன் வீழ்ந்த பிறகுதான் கம்பாலாவுக்குக் கிழக்கே ஒரு கரும்புத் தோட்டத்தின் பக்கத்தில் எச்சங்கள் கிடைத்தன. ஜெருசலேமில் அடக்கம் செய்தார்கள். 'ரெய்டு' படத்தில் சில்வியா சிட்னி அவராக வருகிறார், அவருடைய பெயரிலேயே. 'விக்டரி'யில் பெயரை மாற்றி ஹெலன் ஹேஸை நடிக்கவைத்தார்கள். இருவரும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு படமும் மகிழ்ச்சிக் கூச்சலோடு விமானத்தைத் திருப்பிக்கொண்டு வரத்தான் பார்க்கின்றன. ஓர் அம்மா அங்கே தனியாகப் படுத்திருக்கிறார் என்பதை ஒரு கணம் நினைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. மகன் இருக்கும் விமானம் மேலே எழும்பும் காட்சியை இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால், அது வேறு காட்சியாகிவிடும்.

வேறு யார் யார் இறந்தார்கள்?

கூடத்துக்குள் நடந்த சண்டையில் பணயக்கைதிகள் மூன்று பேர் இறந்தார்கள். கமாண்டோக்கள் எல்லோரையும் தரையில் படுக்கச் சொல்லிக் கத்தினார்கள். 19 வயது இளைஞர் ஒருவர் எழுந்துவிட, அவரைக் கடத்தல்காரர் என்று நினைத்து மீட்க வந்தவர்களே சுட்டுவிட்டார்கள். அங்கிருந்த கடத்தல்காரர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள். இஸ்ரேலியப் படையில் இறந்தவர் யோனாதன் நெதன்யாஹு ஒருவரே. இன்னொரு வீரர் கழுத்துக்குக் கீழே செயலிழந்து வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் கழிக்க வேண்டியதாயிற்று.

உகாண்டா வீரர்கள் 20 முதல் 45 பேர் வரை இறந்ததாகப் பல கணக்குகள். அவர்களில் பெரும்பாலானவர்கள் மேலிடம் நில் என்று சொன்ன இடத்தில் நின்ற சாதாரணச் சிப்பாய்கள். நான்கு படங்களில் ஒன்றில்கூட அவர்களில் ஒருவருக்குப் பெயர் சொல்லும்படி ஒரு பாத்திரம் இல்லை.

அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. ஹெர்குலிஸ்கள் திரும்பும் வழியில் நைரோபியில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளக் கென்யா அனுமதித்தது. அந்தக் கோபத்தை அமீன் உகாண்டாவில் வாழ்ந்த கென்யர்கள்மேல் தீர்த்துக்கொண்டார். நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். விமானக் கடத்தலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பங்கள். இதைப் பற்றி மட்டுமே ஒரு படம் எடுக்கலாம், யாரும் எடுக்கவில்லை.

பீட்டர் ஃபின்சுக்கு இதுதான் கடைசிப் படமா?

கடைசியாக நடித்தது இதுதான். ஒளிபரப்பாகி ஐந்தாம் நாள், 1977 ஜனவரி 14 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் மாரடைப்பில் இறந்தார். 'நெட்வொர்க்' படத்துக்கான ஆஸ்கர் அவர் இறந்த பிறகு கிடைத்தது. ராபின் வேடத்துக்கும் எம்மி பரிந்துரை வந்தது. படம் சிறந்த தொலைக்காட்சிப் படத்துக்கான கோல்டன் குளோபை வென்றது.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்கு மேல் இருந்தால் பார்க்கலாம். ரத்தம் குறைவு. பயம்தான் அதிகம். பெயர் வாசிக்கும் காட்சிக்கு முன்பு, ஜெர்மனியில் 1930-களிலும் 40-களிலும் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். இல்லையென்றால் அங்கே ஏன் எல்லோரும் உறைந்துபோகிறார்கள் என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடாது.

படத்தில் வருவது நிஜமான என்டபே விமான நிலையமா?

இல்லை. அமீன் 1979 வரை ஆட்சியில் இருந்தார், அங்கே போய்ப் படமெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. நிஜமான இடத்தைப் பார்க்க வேண்டுமானால், பழைய கட்டுப்பாட்டுக் கோபுரம் இன்னும் என்டபேயில் நிற்கிறது, சுவரில் குண்டு துளைத்த அடையாளங்களோடு. 2016 ஜூலை 4 அன்று, நாற்பதாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சிக்காக யோனாதனின் தம்பி பெஞ்சமின் நெதன்யாஹு இஸ்ரேலியப் பிரதமராக அங்கே வந்து நின்றார். அங்கிருந்து முலாகோ மருத்துவமனை சுமார் 40 கிலோமீட்டர்.